பல் எண்ணத் தெரியாத பெட்டி

அன்று காலை அவள் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, டிவி ரிமோட்டுக்கு டேப் சுற்றியதுதான். பின்பக்க மூடியைக் குழந்தை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. இரண்டு நாளாகத் தேடியும் கிடைக்கவில்லை. சேனல் மாற்றும்போதெல்லாம் பேட்டரி இரண்டும் மடியில் விழுந்துகொண்டிருந்தன. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினாள். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், பல்லால் கடித்து இழுத்து அறுத்தாள்.

"கத்தரி பக்கத்துலயே இருக்கு. பல்லு என்னத்துக்கு ஆகும்?" என்றான் அவள் கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"கடைக்கு வர்றவங்க கண்ணைப் பத்தி மட்டும் கவலைப்படுங்க. என் பல்லு என் சொந்தப் பொறுப்பு" என்றாள். ரிமோட்டை அமுக்கிப் பார்த்தாள். டிவி ஓடத் தொடங்கியது. "பாத்தீங்களா!" என்று சிரித்தபோது அவளுடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளி தெரிந்தது. பிறகு பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மாலை நாலரை மணிக்கு ஸ்டூடியோ மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு முப்பத்தொரு வயது. குழந்தைக்குப் பதின்மூன்று மாதம்.

அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். பட்டறையில் உட்கார்ந்து, சட்டத்தின் அளவுக்கு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்துவது அவன் வேலை. அவள் குரல் கொடுக்கிறவள். விளம்பரங்களுக்கும் கார்ட்டூன் படங்களுக்கும் பின்னணியில் பேசுவாள். அவள் முகத்தைத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவள் குரல் நுழையாத வீடு கிடையாது. முயலுக்கும் பேசுவாள், பிஸ்கட்டுக்கும் பேசுவாள். ஒருமுறை கொசுவுக்குப் பேசிவிட்டு வந்து, "கொசுவுக்குத்தான் நல்ல சம்பளம்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவள் பேசியதில் ரொம்ப நாள் ஓடியது குழந்தைகளுக்கான ஒரு பற்பசை விளம்பரம். அதில் ஒரு முயல்குட்டியிடம், "எங்க, ஆ காட்டு பாப்போம்!" என்பாள். முயல் வாயைப் பிளக்கும். உடனே ஓர் ஆண் குரல் பற்பசையின் பெயரை உரக்கச் சொல்லும். அவ்வளவுதான், இருபது நொடி. அந்த வரியை அவள் ஒத்திகை பார்த்தது சொந்தக் குழந்தையிடம்தான். வீட்டில் அதற்குப் பட்டாணி என்று பெயர். பட்டாணிக்கு முதல் பற்கள் முளைத்த சமயம் அது. மடியில் கிடத்தி, "எங்க, ஆ காட்டு பாப்போம்" என்பாள். குழந்தை வாயைத் திறந்ததும் விரலால் தொட்டு எண்ணுவாள். எண்ணி முடித்ததும் குரலை மாற்றிக்கொண்டு, "இன்றைய முக்கியச் செய்தி. பட்டாணியின் வாயில் மூன்று பற்கள் காணப்பட்டன" என்று வாசிப்பாள். கடைசியாக வாசித்த செய்தியில் எட்டு.

அவள் போன பதினோராம் நாள் துக்கம் கேட்க வந்தவர்களில் யாரோ டிவியைப் போட்டார்கள். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் காதில், "எங்க, ஆ காட்டு பாப்போம்!" என்று விழுந்தது. கையிலிருந்த டம்ளர் நழுவியது. ஓடி வந்து பார்த்தான். பட்டாணி டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. இரண்டு கையையும் திரையை நோக்கி நீட்டியிருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் டிவி அணையவில்லை.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது அவன் மைத்துனி, இறந்தவளின் தங்கை. அவள் துணி தைக்கிறவள். அக்கா போனபின் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த வீட்டுக் கூடத்திலேயே போட்டுக்கொண்டாள். காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவன் சொல்கிற முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் ஒன்றுதான்.

"டிவியை மட்டும் அணைச்சிடாதே."

"மாமா, காலையில ஏழு மணியிலேர்ந்து ஓடுது. மிஷின் சத்தமும் அதுவும் சேர்ந்து எனக்கே மண்டை இடிக்குது. புள்ள தலைக்கு எப்படி இருக்கும்?"

"அவ குரல் கேக்கணும். இந்த வயசுல மறந்தா மறந்ததுதான். அம்மா குரல் எப்படி இருக்கும்னு கேட்டா நாளைக்கு நான் பேசிக் காட்ட முடியுமா?"

மைத்துனி மறுபடி மிஷினை மிதித்தாள். அவளுக்கும் அது அக்காவின் குரல்.

ஒரு மாலை அவன் உள்ளே நுழைந்ததும் அவள் தைப்பதை நிறுத்திவிட்டு, "பட்டாணி இன்னிக்கு அம்மான்னு சொல்லிட்டா" என்றாள்.

"யாரைப் பாத்து?"

அவள் டிவியைக் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவனுக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிச் சுற்றினான். சுற்றும்போதும் குழந்தையின் தலை திரைப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. அவன் கவனிக்கவில்லை. மைத்துனி கவனித்தாள்.

"மாமா, கூப்பிட்டா அவ திரும்பிப் பாக்குறதில்ல. காது நல்லா இருக்கு, டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா ஆளு முகத்தை ஏறெடுத்துப் பாக்கவே மாட்டேங்குறா. அவ வயசுப் புள்ளைங்க வாய் ஓயாமப் பேசுதுங்க. இவ சொல்றது ரெண்டே சத்தம். ஒண்ணு 'ம்மா', இன்னொண்ணு 'ஆ'. ரெண்டையும் அந்தப் பெட்டிக்கிட்டதான் சொல்றா."

"போகப் போகச் சரியாயிடும்."

"ஒரு பையன் கண்ணைச் சுருக்கிப் பாத்தாலே பவர் இவ்வளவுன்னு சொல்லிடுவீங்க. சொந்தப் புள்ளைய ஒரு தடவை நேரா பாருங்களேன்."

அது சுருக்கென்றுதான் தைத்தது. ஆனாலும் அவன் குழந்தையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மறுபடி டிவி முன்னால்தான் உட்கார்ந்தான். வேலை முடிந்து வந்தால் தூங்கும்வரை குழந்தையோடுதான் இருந்தான், மறுக்க முடியாது. இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போகிற இருவர் மாதிரி.

ஏழு மாதம் ஆனது. ஒருநாள் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவர் போன் செய்தார். அவன் மனைவி 'ரெக்கார்டிங் அண்ணன்' என்று கூப்பிட்டுவந்தது அவரைத்தான்.

"தம்பி, மத்தவங்க சொல்லித் தெரியறதுக்கு முன்னால நானே சொல்லிடலாம்னுதான். அந்தப் பற்பசை விளம்பரம் இந்த மாசத்தோட நிக்குது. வேற விளம்பரம் எடுத்துட்டாங்க, குரலும் வேற. நம்ம பொண்ணு பேசினதெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு. காப்பி போட்டுத் தர்றேன்."

கடைசிச் சொற்கள் அவன் காதில் ஏறவே இல்லை. இன்னும் பத்தொன்பது நாள். அவனுக்கு அவள் இரண்டாவது முறை சாகப்போவது போல இருந்தது. எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு அந்த விளம்பரம் வருகிறது என்று கண்ணாடிக் கடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தான். முன்பக்கத்தில் யாருடைய கண்ணின் பவரோ இருக்கும், பின்பக்கத்தில் எட்டு நாற்பது, பதினொன்று ஐந்து, நாலு பத்து. முதலாளியிடம் கெஞ்சிப் பிற்பகல் விடுப்பு வாங்கினான். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதும் டிவி முன்னால், தலை சீவுவதும் டிவி முன்னால். சீப்பு எங்கே போகிறது என்று பார்க்காமல் சீவுவான். ஒருநாள் காதில் போய் இடித்தது. குழந்தை அழக்கூட இல்லை. அதுவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது டிவியில் படம் நடுங்க ஆரம்பித்தது. பின்பக்கம் வயர் தளர்ந்திருந்தது. மணி நாலு எட்டு. நாலு பத்துக்கு விளம்பரம் வரும். அவன் பதறிப்போய் டிவி மேஜைக்குப் பின்னால் சுவரோரம் நுழைந்து குந்திக்கொண்டு வயரை இறுக்கிப் பிடித்தான். கையை எடுத்தால் படம் போய்விடும். பிடித்தபடியே தலையை நீட்டி, டிவியின் விளிம்புக்குப் பக்கத்திலிருந்து கூடத்தைப் பார்த்தான்.

ஏழு மாதத்தில் முதல்முறையாக, டிவி இருக்கும் இடத்திலிருந்து அவன் தன் மகளைப் பார்த்தான்.

"எங்க, ஆ காட்டு பாப்போம்!"

மூலையில் உட்கார்ந்திருந்த பட்டாணி எழுந்து ஓடி வந்தது. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலமாகத் திறந்தது. திரை வெளிச்சம் வாய்க்குள் விழுந்தது. உள்ளே, கடைவாயில், மேலும் கீழும் வெள்ளையாகப் புதுப் பற்கள். அவை எப்போது முளைத்தன? ஈறு கிழிந்து வந்திருக்குமே, வலித்திருக்குமே, எந்த ராத்திரி அழுதது? அவனுக்குத் தெரியவில்லை. அவன் கணக்கு எட்டோடு நின்றிருந்தது.

ஆண் குரல் பற்பசையின் பெயரைக் கத்தியது. அடுத்து டயர் விளம்பரம் வந்தது. குழந்தை வாயை மூடவில்லை. ஒரு லாரி மலையேறியது, சக்கரம் சேற்றில் சுழன்றது. குழந்தை அந்த லாரிக்கு வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றது. அதன் கண்கள் திரையில் இங்கும் அங்கும் போய்வந்தன. ஒன்று, இரண்டு என்று யாராவது எண்ணத் தொடங்குவார்கள் என்று அது காத்திருந்தது. டயர் விளம்பரம் முடிந்து அடுத்தது ஆரம்பித்தபிறகுதான் வாய் மெல்ல மெல்ல மூடியது. அழவில்லை. மூலைக்குத் திரும்பிப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. இது பழகிப்போன காரியம் என்பது அது நடந்த நடையிலேயே தெரிந்தது.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. ஏழு மாதம்.

அவன் வயரிலிருந்து கையை எடுத்தான். படம் போயிற்று. சத்தமும் போயிற்று. மைத்துனி மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"என்ன மாமா, கரண்ட் போச்சா?"

"இல்ல. நான்தான் அணைச்சேன்" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதான்.

அடுத்த மூன்று நாள் லேசில் போகவில்லை. குழந்தை கறுத்த திரையை உள்ளங்கையால் அடித்து, "ம்மா! ம்மா!" என்று வீறிட்டது. தரையில் புரண்டது. ஊட்டிய சோற்றைத் துப்பியது. இரண்டாம் நாள் அவனே தோற்றுப்போய், வயரை இறுக்கிவிட்டு ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டான். மைத்துனி பிடுங்கித் துணி மூட்டைக்குள் திணித்தாள். "அவளுக்காகப் போடுறீங்களா, உங்களுக்காகப் போடுறீங்களா?" என்று கேட்டாள். பதில் இருவருக்குமே தெரியும்.

டிவி இல்லாத கூடத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பொம்மையை ஆட்டினான். நாய் மாதிரி குரைத்தான். பட்டாணி அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. "நாய் மாதிரி இல்ல மாமா, இருமல் வந்த முதலாளி மாதிரி இருக்கு" என்றாள் மைத்துனி. ஏழு மாதத்தில் அந்த வீட்டில் முதல் சிரிப்பு அது.

நாலாம் நாள் காலை. விடுமுறை. ஜன்னல் வழியாக வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அவன் சட்டைப்பையில் ஒரு கழிவு லென்ஸ் கிடந்தது. கீறல் விழுந்ததால் ஒதுக்கிய பிளாஸ்டிக் வட்டம். எதையோ எடுக்கக் கைவிட்டபோது அதுவும் வெளியே வந்தது. வெயில் அதில் பட்டு எதிர்ச் சுவரில் ஓர் ஒளிப்பொட்டு குதித்தது.

பட்டாணி அதைப் பார்த்துவிட்டது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸை அசைத்தான். பொட்டு சுவரில் ஊர்ந்தது. குழந்தை எழுந்து நடந்து போய்க் கையை வைத்தது. பொட்டு கைமேல் ஏறிக்கொண்டது. குழந்தை திகைத்தது. கையைத் திருப்பியது, உள்ளங்கையிலும் வெளிச்சம். விரல்களை மூடியது, மூடிய விரல்மேலும் வெளிச்சம். பிடிக்க முடியவில்லை, விடவும் மனமில்லை. உதடு குவிந்து 'ஓ' என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குமுன் அவன் அதன் வாயில் கேட்டிராத சத்தம்.

பிறகு அந்தக் காரியம் நடந்தது. குழந்தை தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தது. வெளிச்சத்தைப் பார்த்தது. மறுபடி அவன் முகத்தைப் பார்த்தது.

அவன் பதினைந்து வருடமாகப் பிறர் கண்ணுக்கு வேலை செய்கிறவன். ஒரு பார்வை என்னவெல்லாம் செய்யும் என்று அன்றைக்குத்தான் கண்டான். 'நீயும் பாக்குறியா?' என்று கேட்கிறது குழந்தை. பேச்சு வராத குழந்தை, கண்ணாலேயே கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது. இத்தனை நாளும் இந்தக் கேள்வியை அது எத்தனை பொருளைப் பார்த்துக் கேட்டிருக்கும்? திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அப்பனின் காதும் கன்னமும்தானே தெரிந்திருக்கும்?

"பாக்குறேன்டா கண்ணு. நானும் பாக்குறேன்" என்றான்.

அன்று காலை முழுவதும் அவர்கள் அந்த வெயிலை விட்டு நகரவில்லை. தரை ஓடுகளுக்கு நடுவே ஓர் எறும்பு போனது. குழந்தை வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டு அது கதவிடுக்கில் மறையும்வரை பார்த்தது. அவனும் படுத்தான். ஓர் எறும்புக்கு ஒரு கூடத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. மைத்துனி தைத்த துணியின் நூலை உதறினாள். நூல் காற்றில் மிதந்து இறங்குவதைக் குழந்தை வாய் பிளந்து பார்த்தது. இத்தனை காலம் இதே வீட்டில்தான் இதெல்லாம் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

வெயில் ஜன்னலை விட்டு ஏறுகிற நேரத்துக்குப் பட்டாணி அவன் மடியில் வந்து உட்கார்ந்தது. அவனைப் பார்த்துத் திரும்பியது. தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தது.

"ஆ."

அவனுக்கு எண்ணத் தெரியுமா என்று தன்மேலேயே சந்தேகம் வந்தது. விரலால் மெல்லத் தொட்டான். "ஒண்ணு… ரெண்டு…" குழந்தை அசையாமல் இருந்தது. "எட்டு" என்றான். நிறுத்திவிட்டுத் தொடர்ந்தான். "ஒம்பது… பத்து… பதினொண்ணு… பன்னெண்டு." மேலே ஓரத்தில் ஒரு கூர்முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "பதிமூணு." தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு வராத குரலில், "இன்றைய முக்கியச் செய்தி. பட்டாணியின் வாயில் பதின்மூன்று பற்கள் காணப்பட்டன" என்றான்.

குழந்தை வாயை மூடியது. கையை உயர்த்தியது. சுட்டுவிரலால் அவன் மூக்கு நுனியை இரண்டு முறை தட்டியது. டொக், டொக்.

மைத்துனி எழுந்தேவிட்டாள். "மாமா! அக்கா!"

ஆமாம். செய்தி வாசித்து முடித்ததும் அவள் குழந்தையின் மூக்கை அப்படித்தான் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவன் அதை மறந்தே போயிருந்தான். சுத்தமாக, தடயமில்லாமல் மறந்திருந்தான். அவள் போனபோது பதின்மூன்றே மாதமான குழந்தை அதைத் தன் விரலில் வைத்திருந்தது. குழந்தை மறந்துவிடுமென்று பயந்து அவன் பகலும் இரவும் காவல் காத்தான். மறந்தவன் அவன்தான். வைத்திருந்தது அது.

அவன் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு மைத்துனியிடம் சொன்னான்.

"டிவி கேள்வி கேக்கும்மா. ஆனா பதிலுக்கு நிக்காது. குரல் அவளோடதாவே இருந்தாலும் பெட்டி பெட்டிதான். அதுக்குப் பல் எண்ணத் தெரியாது. புள்ளைக்குப் பேசுற குரல் போதாது. திரும்பிப் பாக்குற முகம் வேணும். அது என்கிட்ட இருந்துச்சு. நான் அதை டிவி பக்கம் திருப்பி வச்சிருந்தேன்."

"இப்பவாவது திருப்பினீங்களே. அக்கா இருந்தா கொசுக் குரல்ல திட்டியிருப்பா" என்றாள் மைத்துனி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மாதக் கடைசி நாள் வந்து போயிற்று. அந்த விளம்பரம் கடைசியாக எத்தனை மணிக்கு ஓடியது என்று அவனுக்குத் தெரியாது. அந்த நேரம் மொட்டை மாடியில் பட்டாணிக்குத் தன் நிழலை மிதிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்திருப்பான். ரெக்கார்டிங் அண்ணன் கொடுத்த காப்பி அலமாரியில் இருக்கிறது. குழந்தை வளர்ந்து, "அம்மா குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்கிற அன்று, பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் போட்டுக் காட்டுவான்.

அந்த வீட்டில் டிவி இப்போதும் இருக்கிறது. குழந்தை தூங்கியபின் அரைமணி நேரம் செய்தி கேட்பார்கள். பட்டாணிக்கு மூன்று வயதாகிறது. இருபது பல்லும் வந்துவிட்டன. வாயோ மூடுவதே இல்லை. ரிமோட்டின் மூடி ஒருநாள் பீரோவின் அடி இழுப்பறையில், பழைய துணிகளுக்கு அடியில் அகப்பட்டது. ஆனால் யாரும் அதை மாட்டவில்லை. கறுப்பு டேப்பின் ஓரத்தில், கடித்து இழுத்த இடத்தில், ஒரு பல்வரிசை பதிந்திருக்கிறது. அதன் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அப்படியே.